கேள்வி கேட்க ஆள் இல்லாதபோது வேலை நடக்குமா?

#1 காகிதக்கப்பல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இதை எழுதுவதையே மூன்று நாள் தள்ளிப்போட்டேன். அதிலேயே என் லட்சணம் தெரிந்திருக்கும்.

புல்லாங்குழல் கற்றுக்கொண்டிருந்தேன். வாரம் இரண்டு வகுப்பு, மொத்தம் 14 மாதம். பயிற்சி செய்யாமல் வகுப்புக்குப் போனது அதில் நாலைந்து முறைதான் இருக்கும். பெரிய ஆர்வம் என்றெல்லாம் சொல்லமாட்டேன். வாசித்துப் பார்க்காமல் போனால் ஆசிரியர் திட்டமாட்டார். ஒன்றும் சொல்லாமல் போன வாரத்துப் பாடத்தையே மறுபடி எடுப்பார். அந்த மௌனத்துக்குப் பயந்தே தினமும் வாசித்தேன். அப்புறம் அவர் வகுப்பெடுப்பதை நிறுத்திவிட்டார். “அடிப்படை வந்துவிட்டது, இனி நீயே வாசித்துக்கொள்ளலாம்” என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

அது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன வாரம் உறையைத் தேடி எடுத்தேன். ஜிப் பாதியில் இறுகி நின்றுவிட்டது. இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே வைத்துவிட்டேன்.

நடுவில் சும்மா இருக்கவில்லை. நண்பன் ஒருவனோடு ஒப்பந்தம் போட்டேன்: அவன் ஓட்டம், நான் குழல், இரவு ஒன்பதுக்குள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்ப வேண்டும். ஐந்து வாரம் நன்றாகப் போனது. அவனுக்கு வேலை கூடியது, செய்தி வரவில்லை. அவன் அனுப்பாததால் நானும் அனுப்பவில்லை. அனுப்பாததால் வாசிக்கவும் இல்லை. பிறகு ஒரு செயலி. தொடர்ச்சியாக 41 நாள் டிக் போட்டேன். முப்பது நாளுக்கு மேல் போனபின், டிக் விழ வேண்டுமே என்று இரண்டு நிமிடம் ஊதிவிட்டு வைக்க ஆரம்பித்திருந்தேன். 42ஆம் நாள் மறந்துவிட்டது. எண் பூஜ்யமானதும் செயலியையே தூக்கிவிட்டேன்.

வேடிக்கை என்னவென்றால், அலுவலகத்தில் நான் கெடு தவறியதே இல்லை. அடுத்தவருக்குச் சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற இரவெல்லாம் உட்காருவேன். எனக்கு நானே சொன்னது மட்டும் காற்றோடு போகிறது.

கேட்க ஆள் இல்லாமல், முழுக்கத் தன்னை மட்டும் நம்பி, ஒரு விஷயத்தை ஒரு வருடமாவது ஓட்டியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? எப்படி? ‘முயற்சி திருவினையாக்கும்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறவர்கள் தயவுசெய்து போய்விடுங்கள்.

#2 சும்மாஇருப்பவன்

முயற்சி திருவினையாக்கும்.

#3 காகிதக்கப்பல்

எதிர்பார்த்தேன் :)

#4 இரண்டாம்ஆட்டம்

உங்களை நீங்களே கண்காணிப்பது வேலியே பயிரை மேய்ந்த கதைதான். திருடனும் நீங்கள், காவல்காரனும் நீங்கள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தால் சமரசம் ஆகத்தானே செய்யும்? நான் நாலு வருடமாக ஓடுகிறேன், அதுவும் குழுவோடு. தனியாக என்றால் நாலு நாள்கூட ஓடமாட்டேன். ஆள் தேடுங்கள், அவ்வளவுதான்.

#5 பென்சில்முனை

மூன்று வருடத்துக்கு மேலாகத் தனியாக வரைகிறேன். வகுப்பு இல்லை, குழு இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு நான் வரைவது தெரியும், ஆனால் யாரும் கேட்பதில்லை. அதனால் பதில் சொல்லும் தகுதி கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதல் வருடம் நீங்கள் சொன்ன அதே கதைதான். நாட்காட்டியில் டிக் போட்டேன். டிக் ஒரு மோசமான சாட்சி. வரைந்தேனா இல்லையா என்று மட்டும் சொல்லும், என்ன வரைந்தேன் என்று சொல்லாது, எதனால் வரையவில்லை என்றும் சொல்லாது. ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் 19 டிக், 11 வெற்றுக் கட்டம். அதை வைத்து என்ன செய்வது? வருத்தப்படலாம், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு சாதாரண கோடு போட்ட நோட்டு எடுத்தேன். தினமும் இரண்டு வரி. முதல் வரி இன்று செய்தது, இரண்டாவது வரி நாளை எங்கே தொடங்குவது. செய்யாத நாளிலும் எழுதுவேன், அன்று காரணத்தை உள்ளது உள்ளபடி எழுதுவேன். ஒரு பக்கத்திலிருந்து அப்படியே தருகிறேன்:

‘செவ்வாய்: இடது கை, மடக்கிய விரல்கள், 25 நிமிடம். கட்டைவிரல் ஒட்டவைத்தது போல இருக்கிறது. நாளை கட்டைவிரல் மட்டும், ஆறு கோணம்.
புதன்: வரையவில்லை. நேரமில்லை.
வியாழன்: வரையவில்லை. நேரமில்லை. (பொய். 8 முதல் 9.30 வரை ஃபோன்.)’

அடைப்புக்குறிக்குள் இருப்பது ஞாயிற்றுக்கிழமை எழுதியது. ஞாயிறு காலை அந்த வாரத்துப் பக்கத்தைப் படிப்பது மட்டும் நான் எனக்குப் போட்டுக்கொண்ட ஒரே விதி. மூன்று மாதம் போனதும் ‘நேரமில்லை’ என்று எழுதிய நாள்களை எண்ணினேன், 23. அதில் 17 நாள் வீட்டுக்கு வந்ததும் கட்டிலில் சாய்ந்த நாள்கள். நாற்காலியில் உட்கார்ந்த நாளில் வரைந்திருக்கிறேன், கட்டிலில் சாய்ந்த நாளில் இல்லை. மனவுறுதி, சோம்பல் என்றெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் கட்டில்தான் காரணம்! இப்போது வந்ததும் பையை நாற்காலியில் வைப்பதில்லை. நாற்காலி காலியாக இருக்க வேண்டும், அதில்தான் முதலில் உட்கார வேண்டும்.

காவல்காரனும் திருடனும் ஒரே ஆள் என்கிறார் இரண்டாம்ஆட்டம். சரிதான். ஆனால் புதன் இரவு இருக்கும் நானும் ஞாயிறு காலை இருக்கும் நானும் அவ்வளவு நெருக்கமான கூட்டாளிகள் இல்லை. நாலு நாள் இடைவெளி போதும், பொய் தானாகத் தெரிந்துவிடுகிறது.

#6 எதிர்க்கட்சி

நல்ல பதிவு. ஆனாலும் எதிர்க்காமல் இருக்க முடியவில்லை, பெயரே அப்படி.

‘யாரையும் நம்பாமல் தானே தன்னை நடத்திக்கொண்டவர்’ என்று சொல்லப்படும் ஆளை எடுத்துக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள், பின்னால் ஒருவர் நிற்பார். அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளினை எல்லோரும் காட்டுவார்கள். 13 நற்குணங்களுக்கு ஒரு சின்ன நோட்டு, குணத்துக்கு ஒரு பக்கம், வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு கட்டம், தவறினால் கறுப்புப் புள்ளி. வாரம் ஒரு குணம், 13 வாரத்தில் ஒரு சுற்று, வருடத்துக்கு நாலு சுற்று. தனக்குத் தானே நீதிபதி! ஆனால் அதே ஆள் 1727இல் ஃபிலடெல்ஃபியாவில் நண்பர்களைக் கூட்டி ஒரு சங்கம் வைத்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடி ஒருவரையொருவர் கேள்வி கேட்பது அதன் வேலை. நோட்டைப் பற்றிச் சொல்கிறவர்கள் சங்கத்தைச் சொல்வதில்லை.

ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலப்பும் அப்படித்தான். தபால் துறையில் முழுநேர வேலை பார்த்துக்கொண்டே நாவல் நாவலாக எழுதித் தள்ளினார். விடிகாலை ஐந்தரைக்கு மேசையில் இருப்பார், ஒரு கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல். அவரை எழுப்பியது யார்? குதிரைலாயத்தில் வேலை பார்த்த ஒரு முதியவர். அதற்கென்று அவருக்குத் தனியாகச் சம்பளம். தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அந்த மனிதருக்கே அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்று டிராலப் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

தன் கையே தனக்கு உதவி என்பது சரி. அந்தக் கையை எழுப்பிவிட ஒரு ஆள் வேண்டியிருக்கிறதே?

#7 பென்சில்முனை

அந்த ஆளைச் சம்பளத்துக்கு வைத்தது யார்? டிராலப்தானே. காலையில் தன்னால் எழ முடியாது என்று தெரிந்து, முந்தைய நாளே ஏற்பாடு செய்தாரே, அதைத்தான் நான் தன்னை நம்புவது என்கிறேன்.

இன்னொன்றும் நீங்கள் விட்டுவிட்டீர்கள். வாரத்துக்கு எத்தனை பக்கம் என்று அவர் நாட்குறிப்பு வைத்திருந்தார். சராசரியாக 40 பக்கம், சில வாரம் 20, ஒரு முறை 112. பக்கம் குறைந்த வாரம் கண்ணில் கொப்புளம் மாதிரி உறுத்தும் என்பார். லாயத்து முதியவர் எழுப்பத்தான் செய்தார். எண்ணிக்கையை யாரும் கேட்கவில்லை, அந்த நோட்டுதான் கேட்டது.

#8 எதிர்க்கட்சி

சரி, பாதிப் புள்ளி உங்களுக்கு.

#9 நூலகப்பூனை

நண்பனுக்குச் செய்தி அனுப்பும் ஒப்பந்தம் ஏன் உடைந்தது என்பதைப் பற்றிக் கொஞ்சம். இந்த விஷயத்தில் ஆய்வுகள் இரண்டு பக்கமும் இழுப்பது போலத் தெரியும்.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட பரிசோதனைகளில், ‘நான் இப்படிப்பட்ட ஆளாகப் போகிறேன்’ என்ற எண்ணத்தை அடுத்தவர் அறிந்துகொண்டபோது, சொன்னவர்கள் அதற்காக உழைத்தது குறைந்தது. சொன்னதிலேயே பாதி ஆகிவிட்ட மாதிரி ஒரு நிறைவு வந்துவிடுகிறது. சட்டம் படிக்கும் மாணவர்களை வைத்தும் செய்து பார்த்தார்கள். நம்மூரில் ஆரம்ப சூரத்தனம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவோம்.

2016இல் 138 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு வேறொன்று சொல்கிறது. தன் முன்னேற்றத்தைக் கவனித்துக்கொண்டே வருவது இலக்கை அடைய உதவுகிறது. அதை எழுதி வைத்தால் இன்னும் அதிகம். அடுத்தவருக்குத் தெரிவித்தாலும் அதிகம்.

முரண் இல்லை. முதல் ஆய்வில் சொன்னது ஆசையை. இரண்டாவதில் சொன்னது கணக்கை. ‘இந்த வருடம் குழல் வாசிக்கப் போகிறேன்’ என்று பத்துப் பேரிடம் சொன்னால் பத்துப் பேரும் பாராட்டுவார்கள். உறை திறக்காமலே பாராட்டு கிடைத்தாயிற்று, அப்புறம் எதற்குத் திறப்பது? ‘நேற்று இருபது நிமிடம், மேல் ஸ்தாயியில் சுருதி விலகுகிறது’ என்று சொன்னால் யாரும் பாராட்டமாட்டார்கள். அதுதான் நல்லது.

கூடவே ஒரு விண்ணப்பம். ‘1953இல் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கை எழுதி வைத்த 3 சதவீதம் பேர் பின்னாளில் மற்ற 97 சதவீதத்தைவிட அதிகம் சம்பாதித்தார்கள்’ என்ற கதையை யாரும் இங்கே கொண்டுவராதீர்கள். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. பயிற்சி வகுப்புகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

#10 இரண்டாம்ஆட்டம்

அய்யோ, போன மாதம்தான் அதை எங்கள் குழுவில் பகிர்ந்தேன். அப்போ 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்பதாவது உண்மையா?

#11 நூலகப்பூனை

அதுவும் இல்லை. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற முகச்சீரமைப்பு மருத்துவர் 1960இல் எழுதியதிலிருந்து கிளம்பியது. அறுவை சிகிச்சைக்குப் பின் புது முகம் தன்னுடையது என்று பழக நோயாளிகளுக்குக் குறைந்தது ஏறக்குறைய 21 நாள் ஆகிறது என்று கவனித்தார். ‘குறைந்தது’, ‘ஏறக்குறைய’ இரண்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டன.

பழக்கம் எவ்வளவு நாளில் படிகிறது என்று லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2010இல் இதழில் வந்தது. நடுமதிப்பு 66 நாள். ஆனால் ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254. (ஆய்வு நடந்தது 84 நாள்தான். 254 என்பது வளைகோட்டை நீட்டிக் கணக்கிட்டது.) எனக்கு அதில் பிடித்தது வேறு. ஒரு நாள் தவறியதால் பழக்கம் படிவதில் சொல்லும்படியாக எதுவும் கெடவில்லை. காகிதக்கப்பலின் 42ஆம் நாள் உண்மையில் ஒன்றுமே இல்லை. செயலி பூஜ்யம் காட்டியது, அவ்வளவுதான். 41 நாள் வாசித்த விரல் அப்படியேதானே இருந்தது?

#12 காகிதக்கப்பல்

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எனக்குள் ஒரு கெட்ட வழக்கம். திங்கள் தவறினால் அந்த வாரமே கெட்டது, அடுத்த திங்கள் புதிதாக ஆரம்பிக்கலாம் என்று விட்டுவிடுவேன். 10ஆம் தேதி தவறினால் அடுத்த மாதம் ஒன்றாம் தேதி. பிரசவ வைராக்கியம் மாதிரி ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் ஒரு சபதம். தவறிய நாளை எழுதி வைப்பது என்ற யோசனையே வந்ததில்லை. தவறிய நாளைப் பார்க்கப் பிடிக்காமல்தான் செயலியை அழித்தேன் என்று இப்போது புரிகிறது.

#13 அரைக்கிணறு

ஆய்வேடு எழுதுகிறேன், நாலாவது வருடம். பெயரைப் பார்த்தாலே தெரியும்.

உங்களை விட நான் மோசம். நோட்டு வைத்திருந்தேன், பென்சில்முனை சொன்ன மாதிரியேதான். தவறிய நாளில் என்னை நானே கண்டபடி திட்டி எழுதுவேன். ‘உன்னால் எதுவும் ஆகாது’, ‘இப்படியே இருந்து சா’ என்றுகூட எழுதியிருக்கிறேன். மூன்றாவது வாரம் அந்த நோட்டை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன். யாரிடமிருந்து ஒளித்தேன் என்று நினைக்கிறீர்கள்?

கண்டிப்பாக இருந்தால் வேலை நடக்கும் என்று நம்பித்தான் திட்டினேன். கண்டிப்பான மேலதிகாரியிடம் ஆட்கள் என்ன செய்வார்கள்? கணக்கை மறைப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன்.

#14 எதிர்க்கட்சி

அதற்காகத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தால்? ‘பரவாயில்லை, நாளை பார்த்துக்கொள்ளலாம்’ என்பது தள்ளிப்போடுகிறவனின் தேசிய கீதம்.

#15 நூலகப்பூனை

2010இல் கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களிடம் பார்த்தார்கள். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள். தன்னை மன்னிப்பதும் செய்ததை மறுப்பதும் வேறு வேறு. ‘தள்ளிப்போட்டேன்’ என்று ஒப்புக்கொண்டால்தானே மன்னிக்க முடியும்? உங்கள் தேசிய கீதக்காரர் ஒப்புக்கொள்வதே இல்லை.

#16 பென்சில்முனை

அரைக்கிணறு, என் பக்கத்தில் ‘பொய்’ என்று எழுதியிருந்தது திட்டு மாதிரி தெரிந்ததா? எனக்கு அது திருத்தம்தான். எட்டிலிருந்து ஒன்பதரை வரை ஃபோன் என்று பக்கத்திலேயே நேரம் இருக்கிறது பாருங்கள். ‘உன்னால் ஆகாது’ என்ற வரியை வைத்து நாளை என்ன மாற்றுவீர்கள்? ‘எட்டு முதல் ஒன்பதரை’ என்றால் ஃபோனை அடுத்த அறையில் வைக்கலாம். நோட்டில் பெயரடைகளை விட்டுவிடுங்கள். நாள், மணி, இடம் போதும்.

கெடு வைக்கிறீர்களா நீங்கள்?

#17 அரைக்கிணறு

வைத்ததெல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தன. எங்கள் துறையில் இதை நகைச்சுவையாகவே சொல்வோம்: 1994இல் வந்த ஓர் ஆய்வில் இளங்கலை ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 33.9 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எவ்வளவு என்றும் கேட்டார்கள், 48.6 என்றார்கள். ஆனது 55.5 நாள். கெட்ட கனவில்கூட நாம் நம்பிக்கைவாதிகள்.

அதனால் இப்போது தேதிக்குப் பதில் துண்டு வைக்கிறேன். ‘மூன்றாம் இயல் இந்த மாதம்’ என்று எழுதுவதில்லை. ‘மூன்றாம் இயல், இரண்டாம் பகுதி, அட்டவணைக்குக் கீழே வரும் பத்தி’ என்று எழுதுகிறேன். ஒரு பத்திக்கு யாரும் பயப்படமாட்டார்கள்.

இன்னொன்று, தனக்குத் தானே கெடு வைப்பது பற்றி 2002இல் டான் அரியலியும் க்ளாவுஸ் வெர்ட்டன்ப்ராக்கும் பார்த்திருக்கிறார்கள். கெடுவே இல்லாதவர்களைவிடத் தானே வைத்துக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஆனால் சம இடைவெளியில் வெளியிலிருந்து கெடு வைக்கப்பட்டவர்கள் அவர்களையும் மிஞ்சினார்கள். தானே வைப்பவர்கள் கெடுவை எங்கே வைப்பது என்பதில் சறுக்குகிறார்கள். என் நிலைமைக்கு அதுவே பெரிய ஆறுதல்: வைப்பது வீண் இல்லை, கடைசியில் கொண்டுபோய்க் குவிப்பதுதான் தப்பு.

#18 இரண்டாம்ஆட்டம்

நான் ஒரு காலத்தில் பரிசு வைத்துப் பார்த்தேன். பத்து நாள் ஓடினால் புது காலணி. காலணி வாங்கியது ஆறாம் நாள். கொடுப்பவனும் வாங்குபவனும் ஒருவனே என்றால் முன்பணம் கிடைத்துவிடுகிறது :)

#19 சும்மாஇருப்பவன்

ஒருவரும் கேட்காத கேள்வியை நான் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். காகிதக்கப்பலுக்குக் குழல் வாசிக்க உண்மையிலேயே ஆசை இருக்கிறதா? ஒன்றரை வருடமாகச் சரியாகத் தொடாத ஒன்றை ‘என் இலக்கு’ என்று ஏன் சுமக்க வேண்டும்? ஜிப் இறுகியதற்கும் ஒரு அர்த்தம் இருக்கலாம். விட்டுவிட்டால் அந்தக் குற்றவுணர்வாவது போகும். நான் மூன்று வருடம் சுமந்த பிரெஞ்சுப் பாடத்தைப் போன வருடம் விட்டேன். இன்றுவரை நிம்மதியாக இருக்கிறேன். பெயர் சும்மா வைக்கவில்லை.

#20 காகிதக்கப்பல்

முதலில் கோபம் வந்தது. பதில் தட்டச்சு செய்துவிட்டு அழித்தேன். அப்புறம் நேர்மையாக யோசித்துப் பார்க்கலாம் என்று ஒரு தாளில் எழுத உட்கார்ந்தேன். வகுப்பில் எனக்கு என்ன பிடித்தது?

‘ஆசிரியருக்குப் பயந்து வாசித்தேன்’ என்று முதல் பதிவில் எழுதியிருந்தேன். யோசிக்க யோசிக்க அது முழு உண்மை இல்லை. அவர் மூன்று வேலை செய்திருக்கிறார். செவ்வாயும் சனியும் ஆறு மணி என்று நேரத்தைக் கட்டிப்போட்டார். அடுத்து எது என்று அவர்தான் சொன்னார்: இந்த இரண்டு வரி, இந்த வேகம், அடுத்த வகுப்புக்கு இது போதும். மூன்றாவது, கேட்டார். நான் ஊதும்போது கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். ஒரு இடம் சரியாக விழுந்தால் ‘ம்’ என்பார். அவ்வளவுதான் பாராட்டு. அந்த ‘ம்’முக்காக வீட்டில் நாற்பது முறை வாசித்திருக்கிறேன்.

அவர் போனபின் நான் தேடியதெல்லாம் என்னைக் கண்காணிக்கும் ஆளை. நண்பன் கண்காணித்தான், செயலி கண்காணித்தது. இரண்டுக்கும் நான் என்ன வாசிக்க வேண்டும் என்று தெரியாது, இரண்டும் கேட்கவும் இல்லை. அந்த 41 நாளில் என்ன வாசித்தேன் தெரியுமா? ஏற்கெனவே தெரிந்த ஐந்து பாடம். அதையே திரும்பத் திரும்ப. ஊக்கம் போய்விட்டது என்று நினைத்தேன். உறையைத் திறந்தால் அடுத்து என்ன என்றே எனக்குத் தெரியவில்லை, விஷயம் அதுதான்.

ஆகவே சும்மாஇருப்பவன், ஆசை இருக்கிறது. நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று.

#21 சும்மாஇருப்பவன்

பரவாயில்லை, முதல் முறையாக ஒருவர் என் அறிவுரையால் ஒன்றை விடாமல் இருக்கிறார்.

#22 பென்சில்முனை

அந்த மூன்று வேலையில் முதல் இரண்டை நோட்டு செய்துவிடும். ‘நாளை எங்கே தொடங்குவது’ என்ற வரி அடுத்த பாடம் சொல்லும் ஆள்தான். முக்கியமாக, அதை வாசித்து முடித்த கையோடு எழுதுங்கள், அடுத்த நாள் வாசிக்க உட்காரும்போது இல்லை. முடித்த நிமிடத்தில் எது வரவில்லை என்று விரலுக்கே தெரியும். மறுநாள் மாலை வேலை முடிந்து வரும்போது எதுவும் தெரியாது, தெரிந்ததையே ஊதுவீர்கள்.

கேட்பதற்கு ஒலிப்பதிவு செய்யுங்கள். ஆனால் உடனே கேட்காதீர்கள். நான் என் படத்தை அன்றே பார்த்தால் என்ன வரைய நினைத்தேனோ அதுதான் கண்ணில் தெரியும். மறுநாள் பார்த்தால்தான் என்ன வரைந்திருக்கிறேன் என்று தெரியும்.

#23 நூலகப்பூனை

நேரத்துக்கு: ‘தினமும் வாசிப்பேன்’ என்று எழுதாதீர்கள், ‘இன்னது நடந்ததும் இன்னது செய்வேன்’ என்று எழுதுங்கள். ‘இரவு முகம் கழுவித் துண்டை மாட்டியதும் உறையைத் திறப்பேன்.’ மேலே சொன்ன கோல்விட்சரே பாஸ்கல் ஷீரனோடு சேர்ந்து 2006இல் இப்படித் திட்டமிடுவதைப் பற்றிய 94 பரிசோதனைகளைத் தொகுத்தார். வெறும் விருப்பத்தோடு நிற்பவர்களைவிட இவர்கள் நன்றாகவே முன்னால் இருந்தார்கள். முடிவெடுக்கும் வேலையை முன்கூட்டியே முடித்துவிடுவதால் அந்த நேரத்தில் மனதோடு வாதாட வேண்டியதில்லை. வாதாடினால் நாம்தான் தோற்போம்.

#24 எதிர்க்கட்சி

ஜிப்புக்கு மெழுகுவத்தியைத் தேய்த்துப் பாருங்கள். இந்த இழையிலேயே உருப்படியான ஆலோசனை இதுதான்.

#25 காகிதக்கப்பல்

மெழுகு வேலை செய்தது!

#26 காகிதக்கப்பல்

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். கணக்கு: 35 நாள், வாசித்தது 24, வாசிக்காதது 11. பழைய நான் இதைத் தோல்வி என்று எழுதி நோட்டைத் தூக்கிப்போட்டிருப்பேன்.

11 நாளில் நாலு காய்ச்சல். இரண்டு நாள் விருந்தாளிகள். மீதி ஐந்தும் ஒரே மாதிரி: முகம் கழுவும் முன்பே மடிக்கணினியைத் திறந்த நாள்கள். துண்டு விதி நன்றாக வேலை செய்கிறது, ஆனால் துண்டு வரை போனால்தானே? மூன்றாவது வாரத்திலிருந்து மடிக்கணினிப் பையை வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆணியில் மாட்டுகிறேன். அதற்கப்புறம் அந்தக் காரணம் ஒரே ஒரு முறைதான் எழுதியிருக்கிறேன்.

ஒலிப்பதிவு பெரிய அடி. முதல் பதிவை மறுநாள் கேட்டபோது யாரோ கெட்டிலை அடுப்பில் வைத்தது போலிருந்தது. இரண்டாவது வாரம் ஒன்று கவனித்தேன். நாலாவது வரியில் எப்போதும் ஒரே இடத்தில் மூச்சு உடைகிறது. வாசிக்கும்போது அது எனக்குத் தெரியவே இல்லை. ஆசிரியர் இருந்திருந்தால் கண்ணைத் திறந்திருப்பார். மூன்றாவது வரி முடிவில் அரை மாத்திரை முன்னதாக மூச்சு எடுக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க ஆறு நாள் ஆனது. நோட்டில் ஆறு நாளும் ஒரே வரி: ‘நாளை: 3ஆம் வரி முடிவு, மூச்சு.’

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். இந்த இழைக்கு வந்து கணக்குச் சொல்ல வேண்டும் என்ற நினைப்பு பின்னால் இருந்துகொண்டே இருந்தது. அப்போ தன்னை நம்பி என்று எப்படிச் சொல்வது?

#27 எதிர்க்கட்சி

இதைத்தானே ஆறாம் பதிவிலிருந்து கத்துகிறேன்.

#28 பென்சில்முனை

எத்தனை நாள் இழையை நினைத்தீர்கள்?

#29 காகிதக்கப்பல்

முதல் பத்து நாள். அப்புறம் மூச்சு விஷயம் பிடித்துக்கொண்டது, மறந்துவிட்டேன். நேற்று நோட்டில் 35 என்று எழுதும்போதுதான் ஞாபகம் வந்தது.

#30 அரைக்கிணறு

என் அட்டவணைக்குக் கீழே இருந்த பத்தி முடிந்தது. அதற்குக் கீழே இன்னொரு பத்தி இருப்பது இப்போதுதான் தெரிகிறது. நோட்டு அலமாரியிலிருந்து மேசைக்கு வந்துவிட்டது, திட்டி எழுதிய பக்கங்களைக் கிழிக்கவில்லை.

#31 இரண்டாம்ஆட்டம்

காகிதக்கப்பல், அந்த நாலாவது வரியைப் பதிவு செய்து இங்கே ஏற்றுங்களேன், கேட்போம்.

#32 காகிதக்கப்பல்

மாட்டேன். இன்னும் கெட்டில் சத்தம் முழுசாகப் போகவில்லை. துண்டை மாட்டிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், உறை மடியில் இருக்கிறது. அப்புறம் வருகிறேன்.